சொளகும் நாற்காலியும்

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆன்லைனில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று எனக்கே பாடம் நடத்துவார்கள், கொழும்பில் இருக்கும் எங்கள் நிறுவனத்தார். கேமரா திறந்திருக்க வேண்டும். முகம் நடுவில் தெரிய வேண்டும். முதல் பாடம் விமான நிலையம், அடுத்தது விடுமுறைப் பயணம். அப்புத்தளையில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வகுப்பில் இருப்பவர்கள் பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறுவை முடிந்து வந்து, கை கழுவிய ஈரத்தோடு போனைத் தொடுகிறவர்கள். விமான நிலையத்தை அவர்களில் சிலர் பார்த்திருக்கிறார்கள்தான், வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போனபோது. ஜன்னலோர சீட் கேட்கவா போனார்கள்?

அந்த வகுப்பில் ஒரு அக்கா இருந்தார். ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டம் ஒன்றில், தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில் அவருக்கு வேலை. அந்த மடுவத்தை மூடப்போகிறார்கள். மூடினால் மறுபடியும் கொழுந்துக் கூடை. தோள்பட்டை தேய்ந்துபோயிருந்ததால் கூடை சுமக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில், விருந்தினரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். எங்கள் நிறுவனம் ஆன்லைனில் பேசவைத்துப் பார்த்து, தேறியவர்களை மட்டும் அங்கே அனுப்பும். அக்காவுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

பேச்சு அவருக்கு வந்துவிட்டது. விமானத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மடுவத்தில் நாள் முழுக்கச் செய்வதையே சொல்லச் சொன்னேன். பால் காய்ச்சுவது, காய்ச்சல் தொட்டுப் பார்ப்பது, அழுகிற பிள்ளையைத் தேற்றுவது. தினமும் செய்கிற வேலையோடு வார்த்தையும் ஒட்டிக்கொள்ளும். இது கொழும்புக்கு ஏன் புரியாதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

தேர்வு நாளில் அக்கா போனை ஒரு பால்மா டின்னில் சாய்த்துவைத்து எதிரே உட்கார்ந்திருந்தார். பரீட்சிக்க வந்த கொழும்புக்காரர் திரையில் தோன்றி "குட் மார்னிங்" என்றார். அவ்வளவுதான், அக்கா விருட்டென்று எழுந்து நின்றுவிட்டார்! கூடவே இணைந்திருந்த என் திரையிலும் சேலைக் கொசுவம் மட்டும் தெரிந்தது. குரல் எங்கோ கூரைப் பக்கம் கேட்டது. முகத்தைக் காட்டுங்கள் என்றார் அவர். அக்கா இன்னும் விறைப்பாக நின்றார். உட்காருங்கள் என்றார். "நோ சார், நோ சார்" என்று பதறினார் அக்கா. காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்ட மேலாளரான துரைக்கு முன்னால் யார் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்? நிறைமாதத்தில் என் அம்மா லீவு கேட்டதும் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டுதான்.

"பேசிக் மேனர்ஸே இல்லையே, டீச்சர்" என்று அந்த ஆள் சிரித்தார். தேறவில்லை என்றும் சொல்லிவிட்டார்.

அடப் பாவி மனுஷா! மரியாதை கூடிப்போய் எழுந்து நின்ற மனுஷிக்கா மேனர்ஸ் இல்லை? அதை வாயைத் திறந்து சொல்லவும் செய்தேன். இன்னொரு தடவை பார்க்காவிட்டால் இனி வகுப்பெடுக்க ஆள் தேடிக்கொள்ளுங்கள் என்றேன். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

"நா என்னங்க செய்ய, டீச்சர்? பெரியவங்க கொரல கேட்டதும் காலு தானா எந்திரிக்குது" என்று போனில் அழுதார் அக்கா.

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. "அந்தாளு என்ன தொரையாக்கா? நம்மள மாதிரி சம்பளத்துக்கு வேல செய்ற ஆளு. ஒக்காந்து பேசுங்க!"

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது சொல்லித் திருத்துகிற சங்கதியா? அடுத்த வகுப்பில் எல்லோரையும் அரிசி புடைக்கிற சொளகில் அரிசி போட்டு மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். எழுந்தால் கொட்டும். நான்தான் துரை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு இங்கிலீஷில் ஓர் அதட்டல் போட்டேன். அங்கங்கே அரிசி சிதறும் சத்தம் கேட்டது.

"ஐயோ, ராச் சோத்துக்கு வச்ச அரிசிங்க!" என்று ஒருவர் கத்த, வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அரிசி சிந்தாமல் பதில் வரும்வரை எல்லோரையும் அதட்டிக்கொண்டே இருந்தேன்.

மறுதேர்வில் அக்கா உட்கார்ந்தே பேசினார். தேறினார். மடியில் சொளகு இருந்தது அந்த ஆளுக்குத் தெரியாது.

ஹோட்டலுக்கு நேரில் போன அன்று, பண்டாரவளை பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"டீச்சர், எனக்கு நாக்காலியே போடலங்க. முந்திப் போன டவுன் புள்ள ஒக்காந்து பேசினத கதவு வழியா பாத்தேன். எந்தத் தோட்டம்னு என்கிட்ட கேட்டாங்க. சொன்னதும் அந்த நாக்காலிய ஓரமா தள்ளிட்டாங்க."

"நின்னுக்கிட்டே பேசினீங்களா?" என்றேன்.

"சொளக நெனச்சுக்கிட்டேங்க. 'சார், ப்ளீஸ் கிவ் மீ எ சேர்'னு கேட்டேன். அந்த மேனேஜரு ஒரு மாதிரி பாத்தாரு. பெறகு அவரே எந்திரிச்சுப் போய் எடுத்தாந்து போட்டாரு."

"வேலை?"

"ஒண்ணாந்தேதி வரச் சொல்லிட்டாங்க, டீச்சர்!"

பஸ் ஹார்ன்களுக்கு நடுவே அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தோள் பிழைத்தது, சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு நாற்காலியில் உட்கார ஒரு மனுஷிக்கு இவ்வளவு இங்கிலீஷ் வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.