இரண்டு புள்ளிகளும் தெரியும்வரை

கந்தவேல்.

நீங்கள் உயிரோடு இருந்தவரை இந்தப் பெயரை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் பக்கம் கட்டியவன் பெயரைப் பெண்டாட்டி சொல்ல மாட்டாள். அடுப்படியில் இருந்து கூப்பிட்டாலும், மிளகுக் கொடிக்கு நடுவில் நின்று கூப்பிட்டாலும் "ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டேன். இப்போது பெயரை எழுதி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணுக்குள் முதலில் வருவது உங்கள் முகம் இல்லை. இழுத்துக் கட்டிய ஒரு வெள்ளை வேட்டியும், அதன்மேல் கலங்கலாக விழுந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிகிற இந்த ஐந்து எழுத்தும்தான் வருகிறது.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அவர் என் வீட்டுக்காரர். கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதனால் இதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கொஞ்சம் மரவள்ளிக் காடும் மிளகும் உண்டு. அதோடு அவர் ஒரு புரொஜெக்டர் வைத்திருந்தார். சேலத்தில் யாரோ பழசாகப் போட்டது. பள்ளிக்கூடம், ஆபீஸ் கூட்டம், கிரிக்கெட் மேட்ச் என்று செம்மேட்டைச் சுற்றி யார் கூப்பிட்டாலும் போவார். கல்யாணமான இரண்டாவது மாதத்தில் இருந்து நானும் கூடப் போனேன். ரோடு முடிந்து ஒற்றையடிப் பாதை ஆரம்பிக்கிற இடத்தில் மிஷினைக் கம்பளியில் சுற்றி, கூடையில் வைத்து, என் தலையில் ஏற்றுவார். "கையில தூக்குனா ஆடும் புள்ள. உந்தலையில இருந்தா அது பாட்டுக்குத் தூங்கும்," என்பார். ஒயரும் ஸ்பீக்கரும் அவர் தோளில் வரும்.

பெரும்பாலும் பகலில்தான் கூட்டம் நடக்கும். ஜன்னலுக்குச் சாக்கும் கம்பளியும் கட்டி இருட்டாக்கி, சுவரில் வெள்ளை வேட்டியைத் திரையாக இழுத்துக் கட்ட வேண்டும். அப்புறம்தான் அவருடைய வேலை. மலையில் எந்தத் தரையும் மட்டமாக இருக்காது. மிஷினை மேலே பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தால், படம் மேலே விரிந்து கீழே குறுகிவிடும். அதற்கு அவர் வைத்த பேர் முறம். "பாரு, முறமாட்டம் விரிஞ்சிருக்குது," என்பார். அதை நேராக்க மிஷினிலேயே ஒரு பட்டன் இருந்தது. அதை அவர் தொட மாட்டார். படத்தைப் பிடித்து அமுக்கினால் எழுத்து மழுங்கிப்போகும் என்பது அவர் கணக்கு. மேசைமேல் கிழங்கு மூட்டையை அடுக்கி, துணியின் நடுப்பாகத்துக்கு நேராக மிஷின் வருகிறவரை ஏற்றுவார். முன்னால் ஒரு காலுக்குத் திருகு போய்விட்டது. அந்தக் காலுக்கு ஒரு துண்டு மரவள்ளிக் கிழங்கை ஆப்பு மாதிரி சீவி அடியில் கொடுப்பார். கட்டை இருக்கிறதே என்று கேட்டால், கிழங்கைத்தான் நினைத்த அளவுக்குச் சீவ முடியும் என்பார். ஒருமுறை நாள் முழுக்க ஓடிய மேட்சில் அந்தக் கிழங்கு சூட்டில் வதங்கிச் சுருங்கிவிட்டது. படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பந்து போடுகிறவன் மேட்டில் ஏறி ஓடுகிற மாதிரி தெரிந்தான். கூட்டத்தில் ஒருவர், "பரவால்ல விடு, நம்ம மலையில ஆடறானாட்ட இருக்குது," என்றார். எல்லோரும் தலையைச் சாய்த்துக்கொண்டே மேட்ச் பார்த்தார்கள்.

கடைசியாகத்தான் ஃபோகஸ். படத்தை வைத்து ஃபோகஸ் பிடிக்கக் கூடாது, எழுத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும் என்பார். மரமும் முகமும் கொஞ்சம் மங்கினாலும் நம் கண் சரிசெய்து பார்த்துவிடும். எழுத்து அப்படி ஏமாற்றாது. அதற்காக லேப்டாப்பில் ஒரு வெள்ளைப் பக்கத்தில் பெரிதாக ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தார். அவர் துணிக்குப் பக்கத்தில் நின்று சுருக்கத்தை இழுத்துவிடுவார். நான் பின்னால் மிஷினிடம் நின்று லென்ஸ் வளையத்தைத் திருப்புவேன். முதல் நாள் திருப்பத் திருப்ப ஐந்து கருப்பு மூட்டைகள் கரைந்து எழுத்தானபோது பார்த்தால், அது அவர் பெயர்.

"ஏம் புள்ள, என்ன தெரியுது?" என்று அங்கிருந்து கேட்டார்.

"எழுத்துத் தெரியுதுங்க."

"என்ன எழுத்துன்னு கேட்டேன். படிச்சுச் சொல்லு."

"தமிழ் எழுத்துங்க."

உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு அக்கா, "எம்பட ஊட்டுக்காரரு பேரை எழுதி வையி தம்பி. அவ படிக்கட்டும், நானும் காதாரக் கேட்டுக்கறேன்," என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவருக்கு அது விளையாட்டாகிவிட்டது. நாங்கள் சேர்ந்து போன நாலு வருடமும் அந்த வார்த்தையை மாற்றவில்லை. "இதுல ரெண்டு புள்ளி இருக்குது பாரு, ந் மேல ஒண்ணு, ல் மேல ஒண்ணு. ரெண்டும் பொட்டு வெச்சாப்புல தெரிஞ்சாத்தான் ஃபோகஸ் சரி. அதுக்குத்தான் வெச்சிருக்கறேன்," என்று வெளியே ஒரு காரணம் சொல்வார். காரணமும் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் "படி" என்பார். நான் ஒவ்வொரு முறையும் எதையாவது சொல்லித் தப்பிப்பேன். கொஞ்ச நாளில் எனக்கு ஒரு நல்ல சாக்குக் கிடைத்தது. "தெரியலீங்க, மங்கலா இருக்குதுங்க." அதைக் கேட்டால் துணியை விட்டுவிட்டு நடந்து வருவார். என் பக்கத்தில் நின்று பார்ப்பார். எழுத்து பளிச்சென்று இருக்கும். தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போவார். அந்தக் குட்டுக்காகவே நான் அப்படிச் சொன்ன நாளும் உண்டு.

ஒருநாள் அவர் நடந்து வரவில்லை. அன்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது, டீச்சர் அவசரப்படுத்தினார். நான் பழக்கத்தில், "மங்கலா இருக்குதுங்க," என்றேன். அவர் அங்கேயே நின்று யோசித்தார். "அப்படியா? பல்பு போகுதாட்ட இருக்குது. உங்கண்ணுக்குத் தெரியலீன்னா கடைசி வரிசைக்குத் தெரியாது," என்றார். இல்லைங்க, நல்லாத்தான் தெரியுது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பிள்ளைகள் கைதட்ட, படம் ஆரம்பித்துவிட்டது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்புறம் மறந்தே போனேன்.

சேலத்தில் சொல்லிவைத்த புதுப் பல்பு பஸ்ஸில் மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் வந்து, அங்கே ஒரு டீக்கடையில் இருந்தது. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மழை விட்ட நேரம், பனி இறங்கியிருந்தது. "பத்து மணிக்குள்ள வாரேன்," என்றார். பல்பை வாங்கிக்கொண்டு மேலே ஏறும்போது, ஒரு வளைவில் வண்டி சறுக்கித் தலை சுவரில் மோதிவிட்டது. பல்பு டப்பாவைச் சட்டைக்குள் வைத்துத் துண்டால் கட்டியிருந்தார். அது உடையவில்லை.

கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கண்ணை மூடிப் படுத்திருந்தார். நர்ஸம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "பேரைச் சொல்லிக் கூப்பிடும்மா. உன் குரல் கேட்டு முழிக்கிறாரான்னு பாக்கலாம்," என்றார்.

"ஏனுங்க," என்றேன். "ஏனுங்க."

"பேரைச் சொல்லும்மா. இங்க வந்து என்ன வெக்கம்?"

வெட்கம் இல்லை. வாயைத் திறந்தேன், நாக்குப் புரளவில்லை. பழகாத சொல் எப்படி வரும்? மறுபடியும், "ஏனுங்க," என்றுதான் வந்தது. அதற்கு அவர் இமை கொஞ்சம் திறந்தது. என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் நான் நம்புகிறேன். மறுநாள் மதியம் போய்விட்டார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் எழுந்திருப்பாரா என்று பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டேன். எதுவும் மாறியிருக்காது என்றார். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதைவிடப் பெரிய கேள்வி பல்பு. மாற்றச் சொல்லி மிஷினே ரொம்ப நாளாக எழுத்துக் காட்டியது, அவர் எப்படியும் போய் வாங்கித்தான் இருப்பார் என்று அவர் கூட்டாளி ஒருவர் சொன்னார். நான் சொன்ன பொய்யை அவரிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மாதம் போனது. மிளகுக் கொடி வாடுகிற நோயைப் பற்றிப் படம் காட்ட, வேளாண்மை ஆபீசரம்மாவிடம் அவர் முன்னாலேயே ஒத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கீழ்நாட்டிலிருந்து வந்தவர், நல்ல மாதிரி. வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன், நீ சிரமப்படாதே என்று சொல்லியனுப்பினார். என் மாமியார்தான், "அவன் ஒத்துக்கிட்ட வேலை கண்ணு. நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்தர்லாம்," என்றார். ஒயர்க்கட்டை அத்தை தூக்கிக்கொண்டார். வழியில் எங்கள் காட்டில் ஒரு கிழங்கைப் பிடுங்கிக்கொண்டோம்.

புதுப் பல்பு டப்பாவை நான் பிரிக்கவில்லை. பழைய பல்போடுதான் கொண்டு போனேன். நோயாளி மாதிரி அது எரிய வேண்டும், படம் நிஜமாகவே மங்க வேண்டும், நான் சொன்னது பொய்யில்லை என்று ஆக வேண்டும். இதுதான் என் வேண்டுதல். ஜன்னலை மூடினோம். மூட்டையை அடுக்கினேன். கிழங்கைச் சீவி அடியில் கொடுத்தேன். அவர் நிற்கிற இடத்தில் அத்தை நின்று வேட்டியின் சுருக்கத்தை இழுத்துவிட்டார். வேறு எழுத்தை வைத்து ஃபோகஸ் பிடிக்க எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தையே திறந்து வளையத்தைத் திருப்பினேன். மூட்டைகள் கரைந்தன. க வந்தது. வே வந்தது. கடைசியில் இரண்டு புள்ளிகளும் பொட்டு வைத்த மாதிரி வந்து நின்றன.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. துணியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன கண்ணு எழுதியிருக்குது?" என்றார்.

எழுத்துங்க என்று சொல்லியிருக்கலாம். நாலு வருடம் அதைத்தானே சொன்னேன். கூட்டம் இருட்டில் காத்திருந்தது. கேட்பவர் அவரைப் பெற்றவர்.

"கந்தவேல்னு எழுதியிருக்குதுங்க அத்தை."

நாக்குப் புரண்டது. அவ்வளவு சுலபமாகப் புரண்டது. அத்தை கையை எடுத்துத் துணிமேல் வைத்தார். எழுத்து அவருடைய புறங்கையில் விழுந்தது. கையை நகர்த்தினால் எழுத்துத் துணிக்குப் போனது, திரும்ப வைத்தால் கைக்கு வந்தது.

"அத்தனை தூரத்துல உனக்கு நல்லாத் தெரியுதா?"

"தெரியுதுங்க. பழைய பல்புதாங்க. ரெண்டு புள்ளியும் தெரியுது." வளையத்தில் இருந்து கையை எடுத்துவிட்டு, "அன்னைக்கும் தெரிஞ்சுதுங்க அத்தை. நாந்தான் மங்கலா இருக்குதுன்னு பொய் சொன்னேன்," என்றேன்.

அத்தை திரும்பவில்லை. கை மட்டும் துணியில் இருந்தது. பிறகு, "சரி கண்ணு. எல்லாரும் காத்துட்டு இருக்கறாங்க. படத்தைப் போடு," என்றார்.

படம் நல்லபடியாக ஓடியது. முடிந்ததும், அவர் சொல்வது போல, உள்ளே ஓடுகிற காற்றாடி அடங்குகிறவரை ஒயரைப் பிடுங்காமல் காத்திருந்தேன். கம்பளியில் சுற்றிக் கூடையில் வைத்துத் தலைக்கு ஏற்றக் குனிந்தபோது அத்தை என் கையைத் தள்ளினார். "நீ அக்கட்டால வா. இன்னைக்கு நாஞ் சொமக்கறேன்," என்றார். வீடு வரைக்கும் அவர் முன்னால் நடந்தார், மிஷின் ஆடவில்லை. என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் யாராவது கூப்பிட்டால் நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். ஒவ்வொரு முறையும் அத்தை "என்ன எழுதியிருக்குது?" என்று கேட்கிறார். அவருக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறார். நான் சத்தமாகப் படிக்கிறேன். நாலு வருடம் ஒருவர் ஆசையாகக் கேட்டதை, அவர் இல்லாத இடத்தில் நின்று வெள்ளை வேட்டியைப் பார்த்துச் சொல்கிறேன்.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்களாக இருக்கலாம், முழங்காலிட்டு ஜெபிக்கிறவர்களாக இருக்கலாம். இன்றைக்கு அவருக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். "அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர்" என்று வேண்டாம். பெயரைச் சொல்லி வேண்டுங்கள். என் வாயில் அது காலம் தாழ்ந்துதான் வந்தது. உங்கள் வாயிலாவது தடையில்லாமல் வரட்டும்.

கந்தவேல்.