அண்ணனின் வலது இடுப்பு

அண்ணன் லோரி ஓட்டுபவன். மேருவில் இருக்கும் தொழிற்சாலைகளுக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் நடுவே நாள் முழுக்க ஓடுவான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிரிக்பீல்ட்ஸ் திடலில் பந்தை விரட்டுவான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு சாதாரண வயிற்றுப்போக்கு வந்து போன பிறகு, கால்கள் சோர்ந்தன. பிறகு கைகள், அதற்குப் பிறகு மூச்சு. உடம்பு தன் நரம்புகளையே எதிரி என்று நினைத்து அடிக்கிற நோய் என்றார் டாக்டர். நரம்புகள் மெல்ல மெல்லத் தேறிவிடும், அதுவரை ஆளைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் எங்கள் வேலை என்றும் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியின் ஐசியூவில் அவனைப் படுக்க வைத்தார்கள். தொண்டையில் குழாய், அதன் மறுமுனையில் மூச்சு கொடுக்கும் இயந்திரம். அவனுக்கு மயக்கம் எதுவும் கிடையாது, அதுதான் கொடுமை. பேசுவதெல்லாம் கேட்கும், தொட்டால் தெரியும். அசைந்தவை கண்கள் மட்டுமே. ஒருமுறை இமைத்தால் ஆமாம், இருமுறை இமைத்தால் இல்லை. இந்தப் பாஷையை நான் ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொண்டேன். அம்மாவுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

மூச்சு நிலைப்பட்டது என்று நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்த நேரத்தில்தான் படுக்கைப்புண் வந்தது. வலது இடுப்பு எலும்பு துருத்தும் இடத்தில் முதலில் சிவப்பு, பிறகு கொப்புளம், பிறகு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கழன்ற குழி. டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். புண் எலும்பைத் தொட்டால் கிருமி ரத்தத்தில் ஏறும், இப்போதிருக்கும் நுரையீரல் அதைத் தாங்காது. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை டாக்டர் வந்து பார்ப்பார், வெட்ட வேண்டியிருக்கலாம்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் வேதியியல் கடைசி வருடம். உடம்பில் வேலை செய்யும் சேர்மங்களைக் குடுவையில் உருவாக்குவதுதான் என் புராஜெக்ட். சும்மா இருக்க முடியுமா? தோலுக்கு இதமளித்து, புதுச் சதை வளரத் துணைபோகும் அலண்டாயின் என்ற பொருளைப் பற்றி ஏற்கெனவே படித்திருந்தேன். மறுநாள் காலையிலேயே முதல் மினி பஸ்ஸைப் பிடித்து ஆய்வகத்துக்கு ஓடினேன். யூரிக் அமிலத்தைக் காரத்தில் கரைத்து, பர்மாங்கனேட்டைச் சேர்த்தேன். ஊதா மறைந்து சேறு மாதிரி பழுப்பு இறங்கியது. வடிகட்டி, அமிலம் சேர்த்து, ஐஸில் வைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் குடுவையின் அடியில் வெள்ளை வெளேரென்று பளபளக்கும் படிகங்கள். சூடேற்றிப் பார்த்தேன், புத்தகம் சொன்ன வெப்பத்தில்தான் சிதைந்தது. அன்று ஆய்வகத்து மேசைகளுக்கு நடுவே நான் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது.

சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு நேராக ஐசியூவுக்குக் கொண்டுபோனேன். பொறுப்பில் இருந்த தாதி செமினி ஊர்க்காரர், தமிழர். எல்லோரும் போல நாங்களும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

"இது என்ன?"

"மருந்து மிஸ்ஸி. அண்ணனோட புண்ணுக்கு. நானே செஞ்சேன்."

"எங்க செஞ்ச?"

"லேப்ல."

"அந்த மேசையிலதான் ரொட்டி சானாயும் சாப்பிடுவீங்க?"

"எப்பவாச்சும்."

"அப்ப இத உன் லெக்சரர்கிட்ட கொண்டுபோய்க் குடு. மார்க் போடுவார்லா. என் பேஷண்ட் மேல இதுல ஒரு துகள்கூட விழாது."

சொன்னது நியாயம், எனக்கே தெரிந்தது. இருந்தாலும் காது சுட்டது. குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அண்ணனின் கட்டிலருகே உட்கார்ந்தேன். கை சும்மா இருந்ததால் மூளை ஓடத் தொடங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வலம், இடம் என்று மாற்றிப் படுக்க வைப்பது வார்டின் வழக்கம். அப்படியானால் இரண்டு இடுப்பும் ஒரே பாடுதான் பட்டிருக்க வேண்டும். இடது இடுப்போ மாசு மருவில்லாமல் இருந்தது. ஒரே கலவையை இரண்டு குடுவையில் ஊற்றி, ஒன்று மட்டும் கெட்டுப்போனால், ஏதோ ஒரு நிபந்தனை மாறியிருக்கிறது என்று அர்த்தம். எது?

பார்த்துக்கொண்டே இருந்தேன். வலப்பக்கம் சாய்ந்து கிடந்தவனை இடப்பக்கம் திருப்பும் நேரம் வந்தது. இளம் சீன மிஸ்ஸி ஒருத்தி வந்து, "பூசிங்?" என்று அண்ணனிடம் கேட்டாள். திருப்பட்டுமா என்று அர்த்தம். அண்ணன் இருமுறை இமைத்தான். "ஓகேலா, நன்தி," என்றாள். நன்தி என்றால் மலாயில் அப்புறம். அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டாள். புத்தி தெளிவாக இருக்கும் நோயாளி வேண்டாம் என்கிறானே, பாவம், அவனை ஏன் வற்புறுத்துவது என்ற நல்லெண்ணம்.

நான் குனிந்து கேட்டேன். "இடுப்பு வலிக்குதா?"

ஒருமுறை இமைத்தான்.

"அப்புறம் ஏன் வேணாங்கிற? அந்தப் பக்கம் படுத்தா நல்லாருக்கும்ல?"

கண்கள் என்னைத் தாண்டிப் போயின. அவனுக்கு வலப்பக்கம் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு மேலே, டிரிப் தொங்கும் கம்பியில், அவள் பிளாஸ்டர் போட்டு ஒட்டிய முருகன் படம்.

அவ்வளவுதான் விஷயம். எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அம்மா, அவன இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் நீ ஏதாச்சும் சொல்றியா?"

"என்னத்த சொன்னேன்? முருகனுக்கு முதுகக் காட்டிப் படுக்காதப்பான்னு சொன்னேன். தப்பா?"

"அதுக்காக வலியப் பொறுத்துக்கிட்டு ஒரே பக்கமா கெடக்கறாம்மா. அதான் புண்ணு."

"யாரு, முருகனால புண்ணு வந்திச்சாடி? காலேஜ் படிச்சா என்ன வேணா பேசுவியா?"

"படத்த எடுத்திரலாமா?"

அம்மா பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே செத்தது. இடப்பக்கம் இன்னொரு படம் ஒட்டலாமே என்றேன். அதற்கும் பதில் தயாராக இருந்தது. "அப்ப எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தருக்கு முதுகு." அம்மாவின் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அதற்குள்ளேயே நுழைந்தேன்.

"அம்மா, தைப்பூசத்துக்கு முருகன் என்ன பண்றாரு? கோயில்லயே உக்காந்துகிட்டு, எல்லாரும் வாங்கங்கறாரா?"

"ஏன், தேர் ஏறி பத்துமலைக்குப் போறாரு."

"ராத்திரியெல்லாம் தெருத்தெருவா ஊர்வலம் போறவரு, உன் மகனுக்காகக் கட்டிலச் சுத்தி இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரமாட்டாரா?"

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கண்ணாடி வழியே பார்த்தேன். கம்பியிலிருந்து பிளாஸ்டரைக் கிழியாமல் உரித்து, படத்தைக் கண்ணில் ஒற்றி, கட்டிலைச் சுற்றி நடந்து, இடப்பக்கம் இருந்த அலமாரியின் கதவில் ஒட்டினாள். ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டாள். பிறகு சீன மிஸ்ஸியைக் கை காட்டிக் கூப்பிட்டு, "பூசிங்," என்றாள். அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. அவனாகவே ஒருமுறை இமைத்தான்.

அன்றிலிருந்து வார்டுக்கு ஒரு கடிகாரம் கிடைத்தது. மிஸ்ஸிகள் மறந்தாலும் அம்மா மறக்கமாட்டாள். "நேரமாச்சு, சாமி கெளம்பிட்டாரு," என்று படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அம்மாவை வெளியே அனுப்பும் நேரங்களில் செமினி மிஸ்ஸியே படத்தை மாற்றினார். "உன் பொடிய விட இது வேலை செய்யுது பாரு," என்று என்னைச் சீண்டினார். "இதுவும் என் ரிசர்ச்தான் மிஸ்ஸி," என்றேன். "ரொம்ப வாய்," என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அறுவை சிகிச்சை டாக்டர் வந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்தார். குழியின் அடியில் புதுச் சதை சிவப்பு மணிகள் போலக் கிளம்பியிருந்தது. கத்தி வேண்டாம், செய்வதையே செய்யுங்கள் என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். டாக்டருக்கு அது ஒரு நிமிட வேலை. நான் படிக்கட்டு முழுக்க இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, தெருமுனை போன் பூத்திலிருந்து தெரிந்த எல்லோருக்கும் சொன்னேன், சில்லறை தீரும்வரை. சுபாங் ஜெயாவில் இருக்கும் சித்தி, பாதி கேட்டதுமே அழ ஆரம்பித்துவிட்டார்.

அலண்டாயினுக்கு நல்ல மார்க் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் எப்படி இருப்பது?

விரல்கள் முதலில் திரும்பின, பிறகு தோள், பிறகு மூச்சு. இயந்திரத்தைக் கழற்றி, சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். இடுப்பில் புண் இருந்த இடம் வழுவழுவென்று ரோஜா நிறத்தில் மூடிக்கொண்டது. ஒருநாள் காலை உடற்பயிற்சி கொடுப்பவரும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து, அண்ணனைக் கட்டிலை விட்டு இறக்கி மர நாற்காலியில் உட்கார வைத்தோம். முழு எடையும் இடுப்பில் இறங்கியது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"எரியுதா?"

"இல்ல," என்றான், காற்று கலந்த குரலில்.

சிறிது நேரம் போனதும் உடற்பயிற்சிக்காரர், "போதும் தம்பி, முதல் நாள்தானே. வா, படுக்கலாம்," என்றார்.

அண்ணன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தான். அந்தப் பிடியைப் பார்க்கத்தான் இத்தனை நாளும் காத்திருந்தோம்.

"நீங்க வேணா படுங்க பாஸ்," என்றான். "நான் உக்காந்திருக்கேன்."