சுவரில் தலைகீழாக வந்த மகள்

எனக்குப் பேக்கரியில் இரவு வேலை, பகலில்தான் நித்திரை. அதற்காக வில்லரே பகுதியில் இருக்கும் என் வீட்டின் தெருப்பக்க யன்னலைக் கறுப்பு அட்டையால் மூடி, ஓரமெல்லாம் பசை ரேப் ஒட்டியிருந்தேன். மனைவி இறந்து, மகளும் கலியாணம் முடித்து நகரின் மறுகோடியிலுள்ள ரொக்ஸ்பரோவுக்குப் போனபின் இந்த அறைக்கு வெளிச்சம் எதற்கு என்ற எரிச்சலும் இருந்தது.

ஒரு மாசிமாதப் பகலில் கண்விழித்தால், எதிர்ச்சுவரில் தெரு தலைகீழாகத் தொங்கியது. பனிமூடிய கார்கள் மேலே, வானம் கீழே. அட்டையில் ஆணி குத்திய சிறு ஓட்டை செய்த வேலை.

கைப்பேசியில் தேடி வாசித்தேன். ஆயிரம் வருடங்களுக்கு முன் ஓர் அரபு அறிஞர் இப்படித்தான் இருட்டறையில் ஓட்டை வைத்து வெளிச்சத்தை ஆராய்ந்திருக்கிறார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதுதான் பார்வை என்று அதற்கு முன் பெரிய தலைகள் பலர் நம்பினார்களாம். கண்ணூறுக்குப் பயந்து மிளகாய் சுற்றிப்போட்ட நாங்களும் அந்தக் கட்சிதான். இவரோ, அப்படியானால் சூரியனைப் பார்க்கக் கண் ஏன் நோகிறது என்று கேட்டார். வெளிச்சம்தான் பொருளிலிருந்து கண்ணுக்குள் வருகிறது, கண் ஒன்றையும் அனுப்புவதில்லை என்றார்.

இதை யாருக்காவது காட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. மகளைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? அவள் வரும்வரை ஓட்டையை அடைக்காமல் வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு, சிவப்பு ஜாக்கெட் ஒன்று சுவரில் தலைகீழாகத் தெருவைக் கடந்தது. நடையிலேயே மகள் என்று தெரிந்தது. கையில் ஒரு பை. எனக்குத் தலைகால் புரியவில்லை. விளக்கைப் போட்டால் படம் அழிந்துவிடும், மணி அடிக்கட்டும் என்று இருட்டிலேயே நின்றேன். அவள் என் யன்னலைப் பார்த்தாள். பிறகு கதவுப்பக்கம் மறைந்தாள். மணி அடிக்கவில்லை. மறுபடி சுவரில் வந்தாள், வெறுங்கையோடு தெருவைக் கடந்து போனாள்.

கதவைத் திறந்து ஓடினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். படியில் இடியப்பமும் சொதியும் வைத்த பை மட்டும் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து அழுதேன்.

பின்னேரம் மகளே அழைத்தாள். "யன்னல் இருட்டாக் கிடந்தது அப்பா. வேலையால வந்து படுத்திட்டீங்கள், எழுப்பக் கூடாதெண்டு வந்திட்டன். நித்திரைதானே?"

அவளைச் சுவரில் பார்த்துக்கொண்டே நின்றேன் என்று எப்படிச் சொல்வது?

"ஓம் பிள்ளை. நல்ல நித்திரை."

"சரி அப்பா, பேந்து ஒருநாள் வாறன்."

அன்றே அட்டையைக் கழற்றினேன். சுவர் வெறுஞ்சுவரானது. இப்போது பகல் முழுக்க வெளிச்சம் கண்ணில் குத்துகிறது, நித்திரை வருவதில்லை. தெருவில் போகிறவர்களுக்கு நான் விழித்திருப்பது தெரியும்.