வாசலைப் பார்த்த கண்

எனாமல் பெயிண்டில் டர்பன்டைனை ஊற்றினால் எழும் நெடி என்னை விளாத்திகுளத்தில் கொண்டுபோய் விடும். அங்கே கடைகளுக்குப் பெயர் எழுதியவன் நான். எழுதியதைப் படித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்லிப் போவார்கள். திருப்பூரில் அப்படியில்லை. சுவரில் ஓர் அம்புக்குறி போட்டால் போதும், வீட்டை இடிக்கப் போகிறார்களா என்று கேட்பார்கள். இங்கே வந்த இருபது வருடத்தில் எனக்கும் அந்தப் பார்வை ஒட்டிக்கொண்டது.

பக்கத்துத் தெருவில் பத்து அறைகள் கொண்ட லைன் வீடு. எதிர்ச்சுவரோரம் யாரோ குப்பை கொட்டுகிறார்கள் என்று வீட்டுக்காரம்மா கூப்பிட்டார். சாமி படம் போடலாமென்றேன். சாமிக்கெல்லாம் இப்போது யார் பயப்படுகிறார்கள், கண் ஒன்று போடுங்கள் என்றார். ஆள் உயரத்துக்குப் போட்டேன். கருவிழி நட்டநடுவில் இருந்தால் எந்தப் பக்கம் நின்றாலும் நம்மையே பார்க்கும். அது தொழில் சூட்சுமம்.

குப்பை நின்றது. குழாயடிப் பேச்சும் நின்றது. கண்ணுக்கு எதிரே காய்ந்த துணிகள் வேறு கொடிக்கு மாறின. கண்ணுக்கு நேரெதிரே இருந்த மூன்றாம் அறைச் செல்வி எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரி, பனியன் கம்பெனியில் டெய்லர். என்னைத் தனியே மறித்தாள்.

“அந்தக் கண்ணு எங்க வாசலயே பாக்கு அண்ணாச்சி. கொஞ்சம் திருப்பி விடுங்க.”

அறைக்கு மூன்று பேர்தான் என்பது அங்கே சட்டம். அவளும் புருஷனும் மகளும் போக, ஊரிலிருந்து வந்த தங்கையையும் சொல்லாமல் வைத்திருந்தாள். எனக்குத் தெரியும். மறுநாளே கருவிழியைக் குப்பை மூலைக்குத் தள்ளினேன். உதவி செய்துவிட்ட நிறைவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா வந்தார்.

“ஏனுங்க, கண்ணு திரும்பியிருக்குதே. ஆரு சொன்னாங்க?”

எதிர் அறைக்காரர்களுக்குக் கூச்சமாக இருக்கிறதாம் என்று உளறினேன். அவர் சிரித்தார்.

“பெயிண்டுக்குக் கூசறவங்க ஊட்டுல என்னமோ இருக்குதுங்க.”

அன்று சாயங்காலமே மூன்றாம் அறைக்குள் நுழைந்து தலைகளை எண்ணிவிட்டார். காலி செய்ய ஒரு வாரம் தவணை.

கட்டிலை மினி ஆட்டோவில் ஏற்ற நானும் கை கொடுத்தேன். வீட்டுக்காரம்மாவுக்கு நான் இன்றும் தெக்கத்தி ஆள். செல்வியின் பார்வையிலோ நான் வீட்டுக்காரம்மாவின் ஆளாகியிருந்தேன். சுவரில் கண் இப்போது காலி மூலையைப் பார்த்திருந்தது. புது வீடு எந்தப் பக்கம், பல்லடம் ரோடா என்று கேட்டேன். தங்கையை முதலில் ஏற்றிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் செல்வி சொன்னாள்:

“அத மட்டும் கேக்காதீங்க அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதீங்க.”