கறுப்புக் கயிறு கட்டிய வாத்து

நனைந்த துப்பட்டாவுக்குள் ஒரு காட்டு வாத்துக் குஞ்சைச் சுருட்டிக்கொண்டு என் மனைவி வீட்டுக்குள் நுழைந்தபோது, நான் குஞ்சைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த்துக்குப் போன பிறகு அந்த முகத்தில் அப்படியொரு களையை நான் கண்டதில்லை. ஒரு கையளவு உயிரை நம்பி இவ்வளவு சந்தோஷமா என்றிருந்தது.

சிங்கப்பூரின் பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் கால்வாய் ஓடுகிறது. ராத்திரி முழுக்கப் பெய்த மழையில், வடிகால் மூடியின் கம்பிகளுக்கு நடுவே அது மாட்டிக்கொண்டு கத்தியதாம். தாயையும் காணவில்லை, கூடப் பிறந்தவற்றையும் காணவில்லை. கொஞ்சம் தள்ளிக் கரையில் ஒரு பெரிய உடும்பு வயிறு புடைத்துப் படுத்திருந்ததாம்.

"அது என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க. மிச்சம் ஒண்ண நீ எடுத்துட்டுப் போறியான்னு கேக்குற மாதிரி," என்றாள்.

படத்தைப் பார்த்துவிட்டு மகள் போனில் சொன்னாள். "இது விசில் டக்ப்பா. வைல்ட் பேர்ட். வீட்ல வச்சிருந்தா ஃபைன் போடுவாங்க லா. யார்கிட்டயாவது குடுத்துடுங்க." பெரிதானதும் விட்டுவிடலாம் என்று என் மனைவி சமாதானம் சொன்னாள். அவள் சொன்ன அழகிலேயே அது நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மகளைக் குளிப்பாட்டிய பழைய பிளாஸ்டிக் தொட்டி பரணிலிருந்து இறங்கியது. கீரையைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்த அரிசியோடு பிசைந்து ஊட்டினாள். "பா... பா... பா..." என்று அவள் கூப்பிட்டால் கூடத்துத் தரையில் பாதம் தட்டிக்கொண்டு ஓடிவந்து அவள் கணுக்காலில் ஒட்டிக்கொள்ளும். நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்த வீட்டில் அது ஒன்றும் புதிதில்லை.

ஒருநாள் அது தீனி எடுக்காமல் சுருண்டு கிடந்தது. யார் கண் பட்டதோ என்று அன்றைக்கே தேக்கா அம்மன் கோயிலுக்கு ரயில் ஏறிவிட்டாள். கோயில் வாசல் பூக்கடையில் கறுப்புக் கயிறு வாங்கி, அம்மன் காலடியில் வைத்து எடுத்துவந்து, குஞ்சின் காலில் முடி போட்டுக் கட்டினாள். அடுத்த நாள் அது எழுந்து தின்றது. அதற்குப் பிறகு கயிற்றைப் பற்றி நான் வாயைத் திறக்க முடியுமா?

ஆனாலும் திறந்தேன். பூன் லேயில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரிலிருந்து வரும் பையன்கள் மணிக்கட்டில் கறுப்புக் கயிறோடு இயந்திரத்துக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அழுதாலும் விடமாட்டேன், கத்தரித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவேன். தொங்குகிற எதுவும் ஒருநாள் எதிலாவது சிக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் சொல்லிவந்த பாடம் அது ஒன்றுதான்.

"அது மெஷின். இது தண்ணி," என்றாள்.

"தண்ணியிலயும் சிக்கும்."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

மகள் விமானம் ஏறிய அன்று அவள் கையிலும் இப்படி ஒன்றை என் மனைவி கட்டித்தான் அனுப்பினாள். கொஞ்ச நாளில் வீடியோ அழைப்பில் பார்த்தால் கை வெறுமையாக இருந்தது. அரிக்கிறது என்று மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். என் மனைவியும் சிரித்தாள். பிறகு அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

குஞ்சு வளர வளரக் கயிற்றைத் தளர்த்திக் கட்டிக்கொண்டே வந்தாள். மஞ்சள் கோடுகள் மறைந்து செம்பழுப்புச் சிறகு முளைத்தது. அதற்குப் பிறகுதான் அந்தச் சாயங்காலங்கள் ஆரம்பித்தன. இருட்டத் தொடங்கும் வேளையில் எங்கள் புளோக்குக்கு மேலே இதே இன வாத்துக் கூட்டம் ஒன்று சீழ்க்கையடித்துக்கொண்டு பறக்கும். சத்தம் கேட்டதும் இது தின்பதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டும். பிறகு ஜன்னல் கம்பியில் போய் மோதும். கீழே விழும், எழுந்து மறுபடியும் மோதும். துணியால் ஜன்னலை மறைத்தோம். தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தோம்.

ஒரு சாயங்காலம் துணியை விலக்கினால் கம்பியில் ரத்தம். அலகு கிழிந்திருந்தது.

"போதும். விட்டுடு," என்றேன்.

"எல்லாரையும் விட்டுக்கிட்டே இருக்கேங்க நான்," என்றாள். எனக்கும் அழுகை வந்தது, அதனால் கோபமாகச் செருப்பைத் தேடினேன்.

அலகு ஆறியதும், நல்ல நாள் பார்த்து, கால்வாயின் நாணல் பக்கம் கொண்டுபோனோம். விடுவதற்கு முன்னால் கயிற்றைப் புதிதாகக் கட்டினாள். வெளியே எத்தனை கண்களோ என்று முடிமேல் முடி போட்டாள். இரண்டு நுனியும் நீளமாகத் தொங்கின. நுனியையாவது வெட்டு என்றேன். சாமி கயிற்றில் கத்தரி வைக்கக் கூடாது என்றாள். வாத்து தண்ணீரில் இறங்கியது, இரண்டு முறை திரும்பிப் பார்த்தது, கூட்டம் வந்ததும் எழும்பிப் போய்விட்டது. பறந்தபோது காலுக்குக் கீழே கறுப்பாக ஒரு வால் ஆடியது.

அதன்பின் தினமும் அந்தி நேரத்தில் கால்வாய்க்குப் போனோம். கூட்டத்தில் கயிறு கட்டிய காலைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு நிம்மதியாகத் திரும்புவாள். கூப்பிட மட்டும் மாட்டாள். கரையில் அந்த உடும்பும் இருக்கும். அதைப் பார்க்காததுபோல் நடப்போம்.

ஒருநாள் கூட்டம் கிளம்பிய பிறகும் நாணலுக்குள் சிறகடிப்பு மட்டும் கேட்டது. எட்டிப் பார்த்தால் அதுதான். யாரோ அறுத்துப் போட்ட தூண்டில் நரம்பு நாணலில் சுற்றிக் கிடந்தது, அதில் கயிற்றின் நுனி சிக்கி, கால் வீங்கியிருந்தது. இவள் தன்னை மறந்து "பா... பா..." என்றாள். அவ்வளவுதான். அது அவளை நோக்கிப் பாய்ந்தது. கயிறு இழுத்தது. இவள் பதறி இன்னும் கூப்பிட்டாள், அது இன்னும் வேகமாகப் பாய்ந்தது.

"கூப்பிடாத! நீ கூப்பிடக் கூப்பிடத்தான் இறுகுது!" என்று கத்தினேன்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினேன். சேறு காலை வாங்கியது. எதிரே, நாணல் விளிம்பில், உடும்பு நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து காத்திருந்ததோ. சாவிக்கொத்தில் மாட்டியிருந்த நகவெட்டியால் முடிச்சுகளை ஒவ்வொன்றாக நறுக்கினேன். கயிறு அறுந்து விழுந்தது. வாத்து என் கைக்குள் வந்துவிட்டது. அதன் நெஞ்சு அடித்த அடி என் விரலில் தெரிந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். கால் ஆறும்வரை தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். பிறகு மறுபடி ஜன்னல், மறுபடி ரத்தம். நான் கரையைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொண்டுவந்திருப்பேன். வாயைப் பொத்திய கைகளை எடுக்காமலேயே, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

கையைத் திறந்தேன். மேலே கூட்டம் இன்னொரு சுற்று வந்தது. இது மேலே பார்க்கவில்லை. ஒற்றைக் காலால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அவளை நோக்கி நீந்தியது. அவள் சட்டென்று திரும்பி நடக்கத் தொடங்கினாள். பின்னால் அது சீழ்க்கையடித்துக் கூப்பிட்டது. அவள் நிற்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. நான் கரையேறிய நேரத்தில் எதிர்ப்பக்கம் உடும்பு சத்தமில்லாமல் தண்ணீருக்குள் வழுக்கி இறங்கியது. ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. அவளைப் பிடிக்க ஓடினேன். சீழ்க்கை கொஞ்ச தூரம் எங்கள் கூடவே வந்தது. பிறகு நின்றது.

மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதுதான் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"பறந்துடுச்சுல்லங்க?"

"பறந்துடுச்சு," என்றேன். நானும் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.