நாற்பத்தொன்பதுக்கு ஊர் கொடுத்த பட்டம்

நாற்பத்தொன்பது பிறந்தபோது அவருடைய அப்பாவுக்கு வயது இருபத்தாறு, அம்மாவுக்கு இருபத்துமூன்று. இரண்டையும் கூட்டி மகனுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். வடக்கிலிருந்து வந்த குதிரைக்காரர்களின் ஆட்சி அது. பதவி இல்லாத வீடுகளில் அப்படித்தான் பெயர் வைப்பார்கள். என் வீட்டுக்காரர் பெயர் ஐம்பத்திரண்டு. நாங்கள் யாரும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. கெங் குடும்பத்து நாற்பத்தொன்பது வருத்தப்பட்டார்.

அவர் நாவிதர். காவடித்தடியின் ஒரு முனையில் கனல் சட்டியும் செம்புப் பாத்திரமும் தொங்கும், மறு முனையில் இழுப்பறை வைத்த முக்காலி. தாடி திருத்துவார், காது குடைவார், தோள் பிடித்துவிடுவார், ஒரு மாதக் குழந்தைக்கு முதல் முடி எடுப்பார். நான் லூதுன் ஊரில் பிள்ளைப்பேறும் நோயாளிகளும் பார்த்தவள். அதனால் அவருடைய இன்னொரு வேலையும் எனக்குத் தெரியும். கொள்ளைக் காய்ச்சல் வந்த வருடம் பேன் புழுத்த தலைகளை மழிக்க யாரும் நோயாளி வீட்டுக்குள் வரவில்லை. அவர் வந்தார். முக்காலியைக் கட்டிலருகே போட்டு, வெந்நீர் கேட்டு, பேசாமல் வேலையை முடித்துவிட்டுப் போனார். அப்படிப்பட்ட ஆளை நான் 'அவர்' என்றுதான் சொல்வேன்.

எங்கள் ஊரில் யாரையும் வெறும் தொழிலைச் சொல்லிக் கூப்பிட மாட்டோம். பழைய அரசர்களின் அரண்மனையில் இருந்த பதவிகளைத் தெருவுக்கு இழுத்து வந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டோம். தேநீர் ஊற்றுகிறவன் எங்களுக்குப் பேராசான். வைத்தியர் லாங்ஜோங், அது அமைச்சகத்துச் செயலாளரின் பதவி. நிலபுலன் உள்ளவர் யுவான்வாய், அதாவது எண்ணிக்கைக்கு மேற்பட்ட அதிகாரி. நாவிதர் தைஜாவ். அரசர் எப்போது கூப்பிடுவாரோ என்று உள்மண்டபத்தில் காத்திருந்த புலவர்களுக்கும் ஓவியர்களுக்கும் இருந்த பட்டம் அது. பிள்ளைப்பேறு பார்ப்பவளுக்கு மட்டும் அரண்மனையில் பதவி இருந்ததில்லை போலிருக்கிறது. நான் எல்லோருக்கும் மோ அக்கா.

குதிரைக்காரர்கள் போய்ப் புதிய ஆட்சி வந்து, நாட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்தார்கள். ஒரு இளவேனிலில் எங்கள் நாக்கின் முறையும் வந்தது. பாலத்தடியில் ஆணை ஒட்டினார்கள். அரண்மனைப் பதவிகளைக் குடிமக்கள் ஒருவரையொருவர் அழைக்கப் பயன்படுத்தக் கூடாது. வைத்தியரை வைத்தியர் என்று சொல், நாவிதரை முகம் திருத்துபவர் என்று சொல். மீறினால் மூங்கிலடி. உரக்கப் படித்தவர் ஊர்த்தலைவர் தூ. அவரை நாங்கள் தூ யுவான்வாய் என்போம்.

"அப்போ உங்களை இனிமே எப்படிங்க கூப்பிடறது?" என்று தேநீர் ஊற்றும் பேராசான் கேட்டான்.

"பட்டியல்ல என்னோடது இல்ல. நல்லாப் பாத்துட்டேன்" என்றார் தூ.

கூட்டம் சிரித்தது. வைத்தியர் அன்று மாலையே கடைப்பலகையில் பட்டம் எழுதியிருந்த பாதியைச் சுண்ணாம்பால் அடித்துவிட்டார். நாற்பத்தொன்பது அசையவில்லை.

"வைத்தியருக்கு வீட்ல வச்ச நல்ல பேரு ஒண்ணு இருக்கு, அக்கா. எடுத்துப் போட்டுக்குவாரு. எனக்கு? இதைப் பிடுங்கிட்டா நான் வெறும் நாப்பத்தொன்பது. சந்தையில பன்றிக்குட்டிய எண்ணற மாதிரி" என்றார் என்னிடம்.

"மெதுவாப் பேசுங்க."

"மெதுவாத்தான் பேசறேன். ஆனா விடமாட்டேன்."

ஆணை வந்த ஐம்பதாவது நாள் தூ வீட்டுப் பேரனுக்கு மாதம் நிறைந்தது. அந்தப் பிள்ளையை இந்தக் கையால்தான் வெளியே எடுத்தேன். கால் முதலில் வந்த பிள்ளை. தாயும் சேயும் பிழைத்ததால் விருந்து பெரிதாக இருந்தது. வட்டாட்சி அலுவலகத்திலிருந்து எழுத்தர் ஒருவரும் வந்து முதல் மேசையில் உட்கார்ந்திருந்தார்.

முதல் முடி எடுக்கும் நாவிதர் தானாக வாசற்படி தாண்ட மாட்டார். வீட்டுப் பெரியவர் வாசலுக்கு வந்து, இரண்டு கையாலும் தேநீர் நீட்டி, பட்டத்தைச் சொல்லி மூன்று முறை அழைக்க வேண்டும். பிள்ளையின் தலையில் முதலில் கத்தி வைப்பவர் மரியாதையோடு வந்தவராக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். உச்சிப்பொழுது தாண்டுவதற்குள் முடியும் இறங்கிவிட வேண்டும்.

நாற்பத்தொன்பது வாசலுக்கு வெளியே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தூ வாசலுக்கு வந்தார். கையில் தேநீர் இல்லை.

"டேய் நாப்பத்தொன்பது, உள்ள வா. நேரமாகுது."

"நாப்பத்தொன்பதுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாதுங்க. தைஜாவுக்குத்தான் தெரியும்."

விருந்துக்கு வந்தவர்கள் வாயில் வைத்த உருண்டையை விழுங்காமல் திரும்பிப் பார்த்தார்கள். தூ குரலைத் தாழ்த்தினார். "எழுத்தர் உக்காந்திருக்காருடா. என்னை மாட்டிவிடாத. முகம் திருத்துபவரே, வாங்க. போதுமா?"

"அப்படி ஒரு ஆளு இந்த ஊர்ல இல்லீங்களே. பக்கத்து ஊர்ல கேட்டுப் பாருங்க."

"திமிரு! ரெண்டு ஆளை விட்டுத் தூக்கிட்டு வரச் சொல்லட்டா?"

"தூக்கிட்டு வரலாம். கையையும் நீங்களே பிடிச்சு மழிக்க வைப்பீங்களா? பிஞ்சுத் தலைங்க, பாத்துக்கோங்க."

உள்ளே தூவின் மகன் வீட்டுக் கத்தி ஒன்றை என்னிடம் நீட்டினான். "நீங்களே எடுத்துடுங்க, மோ அக்கா."

"நான் பிள்ளைய வெளியே எடுக்கிறவ. மழிக்கிறவ இல்ல. உச்சிக்குழி இன்னும் மூடலை, தொட்டுப் பாரு. உனக்குத் தைரியம் இருந்தா நீ எடு."

அவன் தொட்டுப் பார்த்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

நிழல் சுவரடிக்கு ஒடுங்கிக்கொண்டிருந்தது. அப்போது தூவின் மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். நாற்பது வருடமாக அந்த வீட்டில் குரல் உயர்த்தாதவள். கணவனைத் தோளால் நகர்த்திவிட்டு, இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினாள்.

"தைஜாவ், வாங்க. தைஜாவ், உள்ள வாங்க. தைஜாவ், எங்க பேரனுக்கு முடி எடுத்துக் குடுங்க."

எழுத்தர் உணவுக்குச்சிகளைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. நாற்பத்தொன்பது தேநீரைக் குடித்தார், கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார், படி தாண்டினார். அந்தப் பிள்ளை அழக்கூட இல்லை. உச்சியில் ஒரு குடுமியை விட்டு, மழித்த முடியைச் சிவப்புத் துணியில் முடிந்து தாயிடம் கொடுத்தார்.

"இப்போ அழைச்சது யாரு?" என்று எழுத்தர் கேட்டார்.

தூ தரையைப் பார்த்தார். நாற்பத்தொன்பது கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவங்க அழைக்கலை, நான்தான் கேட்டு வாங்கினேன். வாசல்ல உக்காந்து கேட்டேனே, உங்க காதுலயும் விழுந்திருக்கும். விழலைன்னா உக்காருங்க, காது குடைஞ்சு விடறேன்."

பாலத்தடியில் வைத்து இருபது அடி அடித்தார்கள். அவரை என் வீட்டுக்குத்தான் தூக்கி வந்தார்கள். குப்புறப் படுக்க வைத்து, உப்பு போட்ட வெந்நீரில் கழுவி, ஒட்டிய துணியையும் மூங்கில் சிம்பையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். மூன்று இடத்தில் தோல் கிழிந்திருந்தது, எலும்பில் ஒன்றுமில்லை. வாத்துக் கொழுப்பைத் தடவினேன்.

"ரொம்ப வலிக்குதா?"

"எண்ணிட்டே இருந்தேன், அக்கா. நாப்பத்தொன்பது வரைக்கும் போவான்னு பாத்தேன். இருபதோட நிறுத்திட்டான்."

"இனிமேலாவது அந்தப் பேரை விடுவீங்களா?"

"இப்போ விட்டா வாங்கின அடி வீணாப் போயிடும்."

மறுநாள் தூவின் மனைவி கூடையில் சிவப்புச் சாயம் தோய்த்த முட்டைகளை அனுப்பினாள். எண்ணிப் பார்த்தேன். இருபது.

பதினைந்து நாளில் எழுந்து உட்கார்ந்தார், இருபதாம் நாள் முக்காலியைப் பாலத்தடிக்குத் தூக்கிப் போனார். அடி வாங்கிய அதே இடத்தில் போட்டார். முடி திருத்த வந்தவர்களுக்குப் பட்டத்தைச் சொல்லப் பயம். ஆனால் ஆணை கொடுத்த சொல்லும் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. முன்னால் வந்து, கைகூப்பி, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றார்கள். தூவும் ஒரு நாள் அப்படி நின்றார். நாற்பத்தொன்பது அன்று ஒரு கிழவரின் காதை மிகவும் நிதானமாகக் குடைந்துகொண்டிருந்தார்.

மூன்று குளிர்காலம் இப்படியே போனது. நான்காவதில் நெஞ்சில் சளி கட்டியது. நான்தான் பார்த்தேன். முதுகைத் தட்டிவிட்டேன், பேரிக்காய் வேகவைத்துக் கொடுத்தேன், பாயை மாற்றினேன். அந்த வயதில் அந்தச் சளி இறங்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"என்னைத் திருப்பிக் கூப்பிட யாரும் இல்ல, அக்கா" என்றார் ஒருமுறை. உயிர் போனதும் இறந்தவரின் சட்டையை எடுத்துக்கொண்டு கூரையேறி, வடக்கே பார்த்து மூன்று முறை பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அது ரத்த உறவு செய்ய வேண்டியது. அவருக்கு யாரும் இல்லை.

"நான் கூப்பிடறேன்."

"எப்படிக் கூப்பிடுவீங்க?"

"கஞ்சியக் குடிங்க முதல்ல" என்றேன்.

ஒரு காலையில், தெரு முழுவதும் அடுப்பு எரியும் வேளையில், போய்விட்டார். மூக்கருகே பஞ்சை வைத்துப் பார்த்தேன். கண்ணை மூடினேன். அவருடைய நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு ஏணி வைத்து ஏறினேன். எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது, முழங்கால் சரியில்லை, ஓட்டில் பனி வழுக்கியது. நாற்பத்தொன்பதே என்று கூப்பிட்டிருந்தால் யாருக்கும் வம்பில்லை. ஆனால் அந்த எண்ணுக்கு மாகாணம் முழுவதும் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். வடக்கே பார்த்துச் சட்டையை உதறினேன்.

"தைஜாவ்! திரும்பி வாங்க!"

முதல் முறை என் குரல் மட்டும்தான். இரண்டாம் முறை கூப்பிட்டபோது தேநீர்க்கடைப் பேராசான் கீழே நின்று சேர்ந்துகொண்டான். மூன்றாம் முறை கால்வாயின் இரண்டு கரையும் கத்தியது. அக்கரையில் ஒரு பெண்குரல் தனியாகக் கேட்டது. அது தூ வீட்டு அடுக்களைப் பக்கம்.

மதியம் தூ வந்தார். கையில் காகிதமும் தூரிகையும் இருந்தன.

"காலைல கூரை மேல கத்தினது யாரு?"

"நான்தான். எழுதிக்கோங்க. கீழ இருந்து முப்பது வீடு கத்துச்சு, அதையும் எழுதிக்கோங்க. உங்க வீட்டை எல்லாத்துக்கும் மேல எழுதுங்க."

வழித்துவிட ஆளில்லாமல் தூவின் தாடி ஒரு மாதமாக வளர்ந்து கிடந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார்.

இறந்தவர் திரும்பி வரவில்லை. நான் பார்த்த வரையில் யாரும் வந்ததில்லை. வெந்நீர் கொதித்துவிட்டது. சட்டையை அவர்மேல் போர்த்திவிட்டு, அவருடைய செம்புப் பாத்திரத்திலேயே நீரை ஊற்றி, அவருடைய கத்தியைத் தீட்டினேன். அன்று தூ வீட்டுப் பிள்ளைக்கு மாட்டேன் என்ற வேலையை அவருக்குச் செய்தேன்.