பாறைமேல் உலர்ந்த கேப்பை

திண்டிவனத்துக் கல்லூரியொன்றில் முப்பதாண்டுகள் புவியியல் கற்பித்துத் துறைத்தலைவராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் நடைப்பயிற்சிக் குழுவின் தலைமையும் இயல்பாகவே என்னிடம் வந்தது.

ஒரு நாள் காலை, ஊருக்கு வெளியே உள்ள கரட்டு மலைக்குக் குழுவை அழைத்துச் சென்றேன். உச்சியின் தட்டைப் பாறையில் ஒரு பெண்மணி கேப்பை காயவைத்திருந்தார். மனிதர் கைபடாத இயற்கை என்று வியந்தபடி, குழுவினர் அந்தக் கேப்பைமேல் நின்று படமெடுத்துக்கொண்டனர்.

"செருப்பைக் கழட்டுங்க சார். இது எங்க களம்."

"அம்மா, இது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உருவான பாறை."

"அப்பவும் இங்கதான் சார் காயவச்சிருப்பாங்க. மண்ணுல போட்டா கல்லு கலந்துடும்."

செருப்பைக் கழற்றினேன். அப்போது மேற்கே கருத்தது. அது மழை தரும் மேகமன்று என்று குழுவினருக்கு விளக்கத் தொடங்கினேன். முதல் துளி என் கண்ணாடியில் விழுந்தது. அதுவரை இயற்கையை வியந்தவர்கள் அடிவாரத்தில் நின்ற காருக்கு ஓடினார்கள்.

அந்தப் பெண்மணி துடைப்பத்தால் கேப்பையைக் கூட்டிக் குவித்தார்.

"பேசிக்கினு நிக்காதீங்க சார், ஜல்தி வாங்க! நனைஞ்சா முளைச்சிடும். வருசம் முழுக்க எங்களுக்கு இதான் கூழு."

மழை வலுப்பதற்குள் கேப்பை முழுவதும் சாக்குக்குள் போய்விட்டது. ஒரு பிடிகூட நனையவில்லை.

துறைத்தலைவராக இருந்தவர் மலையுச்சியில் துடைப்பம் பிடித்துப் பெருக்கினார் என்று, காருக்குள் இருந்தவர்கள் ஊரெல்லாம் சொல்லி வருகிறார்கள். அது உண்மையன்று. துடைப்பம் அந்தப் பெண்மணியிடம் இருந்தது. நான் பிடித்தது முறம்.